காலை 6 மணி விமானம்: சென்னையிலிருந்து எகானமி வகுப்பில் போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

மதுரை, கோவை, தூத்துக்குடி, பெங்களூரு, ஹைதராபாத் என்று எங்கே போனாலும் பறக்கும் நேரம் ஒரு மணி, ஒன்றரை மணிதான். ஆனால் அதற்கு முன்னால் நான்கு கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடுகின்றன: வெப் செக்-இன் (இணையத்திலேயே போர்டிங் பாஸ் எடுப்பது), பை கொடுக்கும் கவுண்டர், பாதுகாப்புச் சோதனை வரிசை, கடைசியாக கேட் (விமானத்தில் ஏற விடும் வாயில்). புதிதாகப் போகிறவர்கள் டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு நேரத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கிளம்புவதால்தான் இந்தக் கதவுகளில் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதிகாலை விமானத்தில் முக்கால்வாசி வேலை முதல் நாள் இரவே முடிந்திருக்க வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. டிக்கெட் போடும்போது: பெயர், தேதி, முனையம்

முதல் சிக்கல் இனிஷியல். விமான நிறுவனத் தளங்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். ஆதாரில் ‘முருகன் க’ என்று இருந்தால் முதல் பெயரில் முருகன் என்று போடுங்கள். கடைசிப் பெயரில் அந்த ஒற்றை எழுத்தையே போட்டுப் பாருங்கள். தளம் ஏற்கவில்லை என்றால் அதன் விரிவை, அதாவது அப்பா பெயரை முழுதாக எழுதுங்கள். அப்பா பெயரை முதல் கட்டத்திலும் உங்கள் பெயரை இரண்டாவதிலும் போட்டுவிட்டால் வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிடும்போது கேள்வி வரும். வீட்டில் கூப்பிடும் பெயர், திருமணத்துக்குப் பின் சேர்த்த பெயர் எதுவும் வேண்டாம். கையில் எடுத்துப் போகும் அட்டையில் என்ன இருக்கிறதோ அதுதான்.

எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் அன்றைக்கே விமான நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குச் சொல்லுங்கள். சின்னத் திருத்தம் செய்து தருவார்கள். ஒருவர் டிக்கெட்டை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது.

இரண்டாவது, தேதி. விமான நேரம் 24 மணிக் கணக்கில் இருக்கும். 15ஆம் தேதி 00:40 என்றால் 14ஆம் தேதி இரவுச் சாப்பாடு முடிந்ததும் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி இரவு போய் நிற்கிறவர்களுக்கு விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

மூன்றாவது, முனையம். சென்னையில் உள்நாட்டு விமானங்கள் டி1, டி4 என்ற இரண்டு முனையங்களிலிருந்து கிளம்புகின்றன. எந்த நிறுவனம் எங்கே என்று போன தடவை பார்த்ததை நம்பாமல், இந்த டிக்கெட்டில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். தப்பான முனையத்தில் இறங்கிப் பெட்டியோடு நடந்தால் இருக்கிற அவகாசம் அதிலேயே கரைந்துவிடும்.

நான்காவது, பை அளவு. மலிவான கட்டணங்களில் சில, கைப்பை மட்டும் கொண்டுபோகிறவர்களுக்கானவை. சாதாரண எகானமியில் பெரும்பாலும் 15 கிலோ செக்-இன் பையும் (கவுண்டரில் கொடுத்துவிடுவது) 7 கிலோ கைப்பையும் உண்டு. கூடுதல் எடை வேண்டும் என்று தெரிந்தால் முன்கூட்டியே ஆன்லைனில் வாங்குங்கள். கவுண்டரில் கிலோவுக்கு வாங்குவது அதிகம்.

வயதான அப்பா அம்மா வருகிறார்கள் என்றால் சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். முதல் விமான நேரத்தில் எல்லாரும் ஒன்றாகக் கேட்பதால், அங்கே போய்க் கேட்டால் காத்திருக்க வேண்டிவரும்.

2. நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

விமானம் 6:10 என்று வைத்துக்கொள்வோம். கேட் 25 நிமிடம் முன்னதாக, 5:45க்கு மூடும். பை கொடுக்கும் கவுண்டர் 60 நிமிடம் முன்னதாக, 5:10க்கு மூடும். அதற்கு முன் வாசல் வரிசை, கவுண்டர் வரிசை இரண்டும் இருக்கின்றன. ஆகவே முனைய வாசலில் 4:25க்கு நிற்க வேண்டும். அம்பத்தூரிலிருந்து அந்த நேரத்தில் நாற்பது நிமிடம் போதும். வழியில் பெட்ரோல் பங்க், சுங்கம், சாலை வேலை எது வந்தாலும் தாங்க இன்னும் பத்து நிமிடம். வண்டி வீட்டை விட்டு 3:35க்குக் கிளம்ப வேண்டும். எழுந்திருப்பது 2:50.

பெரிய பை இல்லை, கைப்பை மட்டும்தான் என்றால் கவுண்டர் கதவு உங்களுக்கு இல்லை. வாசலுக்கு 4:50க்கு வந்தால் போதும். அதற்கு மேல் குறைக்காதீர்கள். காரணம், ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் நிறைய விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்புகின்றன. அத்தனை பேரும் நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் ஒரே சோதனை வரிசையில் நிற்பார்கள். ‘விடிகாலையில் கூட்டம் இருக்காது’ என்று நினைப்பது சாலைக்குப் பொருந்தும். விமான நிலையத்துக்குள் அதுதான் நெரிசல் நேரம்.

‘எப்படியும் லேட்டாத்தான் எடுப்பான்’ என்ற நினைப்பும் முதல் விமானத்துக்கு ஆகாது. பகல் விமானம் வேறு ஊரிலிருந்து வந்துதான் திரும்ப வேண்டும்; அங்கே தாமதம் என்றால் இங்கேயும் தாமதம். முதல் விமானம் பெரும்பாலும் முந்தின இரவே வந்து நின்றிருக்கும். அதனால்தான் அது நேரத்துக்குப் போகிறது, உங்களுக்காக நிற்பதில்லை.

கேட் மூடும் நேரம் நிறுவனத்துக்கு நிறுவனம் சில நிமிடம் மாறும். போர்டிங் பாஸில் அச்சடித்திருக்கும். அதை எடுத்துக் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

3. முதல் நாள் பகல்: வெப் செக்-இன், இருக்கை

இண்டிகோ, ஏர் இந்தியா இரண்டிலும் 48 மணி நேரம் முன்பே வெப் செக்-இன் திறக்கிறது. இரவு படுக்கும் முன் செய்யலாம் என்று விடாதீர்கள். முன்னதாகச் செய்தால் கட்டணமில்லாத இருக்கைகள் சில மிஞ்சியிருக்கும். குடும்பமாகப் போனால் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கவும் வாய்ப்பு அதிகம்.

இருக்கை வரைபடம் வந்ததும் பெரும்பாலானவற்றுக்கு விலை போட்டிருப்பதைப் பார்த்து, பணம் கட்டியே ஆக வேண்டும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அவசியமில்லை. இருக்கை தேர்வைத் தவிர்க்கும் பொத்தான் கீழேயோ ஓரத்திலோ சிறியதாக இருக்கும். அதை அழுத்தினால் நிறுவனமே ஓர் இடம் ஒதுக்கும். பெரும்பாலும் நடு இருக்கை. ஒரு மணி நேரப் பயணத்துக்கு அது போதும்.

பணம் கொடுத்து வாங்குவதாக இருந்தால் மூன்று விஷயம் பாருங்கள்.

வெயில்: சென்னையிலிருந்து மதுரை, தூத்துக்குடி நோக்கித் தெற்கே போகும்போது காலைச் சூரியன் இடப்பக்கம் இருக்கும். ஏ வரிசை ஜன்னலில் உட்கார்ந்தால் முகத்தில் அடிக்கும். தூங்க வேண்டும் என்றால் வலப்பக்கம் எடுங்கள். ஹைதராபாத், டெல்லி போன்ற வடக்குப் பயணத்தில் இது தலைகீழ்.

சாய்மானம்: ஏர்பஸ் ஏ320 விமானத்தில் அவசர வழிகள் நடுவில், பெரும்பாலும் 12, 13ஆம் வரிசைகளில் இருக்கும். அவற்றுக்கு நேர் முன்னால் உள்ள இருக்கை வழியை அடைக்கக் கூடாது என்பதால் சாயாது. அவசர வழி வரிசையில் கால் நீட்ட இடம் அதிகம். ஆனால் குழந்தைகள், கர்ப்பிணிகள், உடல் உதவி தேவைப்படுகிறவர்களுக்கு அங்கே இடம் தரமாட்டார்கள். அந்தக் கதவைத் திறக்கும் பொறுப்பு அங்கே உட்காருகிறவருடையது.

விமான வகை: சிறு ஊர்களுக்குப் பெரும்பாலும் ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம் போகும். பக்கத்துக்கு இரண்டு இருக்கை. பயணிகள் ஏறி இறங்கும் கதவு பின்னால். முன்வரிசைக்குக் கூடுதல் பணம் கட்டினால் கடைசியாகத்தான் இறங்குவீர்கள்.

செக்-இன் முடிந்ததும் போர்டிங் பாஸைப் போனில் பி.டி.எஃப். ஆகச் சேமித்து, ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நெட் கிடைக்காமல் ஆப் சுற்றிக்கொண்டே இருப்பது தினமும் நடப்பது.

டிஜியாத்ரா (முகத்தைக் காட்டியே விமான நிலையத்துக்குள் நுழைய உதவும் ஆப்) வைத்துக்கொள்வதாக இருந்தால் இதுதான் நேரம். ஆதாரோடு இணைத்த போன் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும், செல்ஃபி எடுக்கச் சொல்லும், பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் அந்தந்தப் போர்டிங் பாஸைத் தனியே ஏற்ற வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு வாசலில் முகத்தைக் காட்டினால் கதவு திறக்காது. பெயர் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்றால் பாஸ் ஏறாது. முதல் பகுதியில் இனிஷியலைப் பற்றி இவ்வளவு சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. இரவு: எந்தப் பொருள் எந்தப் பையில்

கைப்பை 55 × 35 × 25 செ.மீ., 7 கிலோ. வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் பையோடு ஒரு தடவை, பையில்லாமல் ஒரு தடவை ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள். ஏடிஆர் விமானத்தில் மேல் அலமாரி சிறியது. விறைப்பான டிராலி நுழையாமல் படிக்கட்டிலேயே வாங்கிக் கீழே வைத்துவிடுவார்கள். துணிப்பையாக இருந்தால் திணிக்கலாம்.

கட்டாயம் கைப்பையில் இருக்க வேண்டியவை: பவர் பேங்க், லேப்டாப், மாத்திரைகள், நகை, பணம், வீட்டுச் சாவி, அசல் அடையாள அட்டை. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் அறையில் அணைக்க ஆள் இருக்கிறார்கள், சரக்கு அறையில் யாரும் இல்லை. அதனால்தான் பவர் பேங்கை செக்-இன் பையில் விடுவதில்லை. 100 வாட் அவர் வரை அனுமதி. 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் சுமார் 74 வாட் அவர், பிரச்சினையில்லை. அளவு அழிந்துபோன பழைய பவர் பேங்கைப் பிடித்துவைத்துவிடுவார்கள்.

கட்டாயம் செக்-இன் பையில் போக வேண்டியவை: கத்தரிக்கோல், கத்தி, ஸ்குரூடிரைவர், மிளகாய்த்தூள், ஊறுகாய். மிளகாய்த்தூள் கண்ணில் தூவக்கூடிய பொருள் என்பதால் கைப்பையில் தடை. இட்லிப்பொடிப் பொட்டலத்தையும் அதே கண்ணால்தான் பார்ப்பார்கள். ஊறுகாய் பாட்டிலை மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு, துணிகளுக்கு நடுவில் வையுங்கள்.

எந்தப் பையிலும் கூடாதவை: தீப்பெட்டி, லைட்டர், பட்டாசு, கேஸ் டப்பா. கொப்பரைத் தேங்காயையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அதன் எண்ணெய்ச்சத்து எளிதில் தீப்பற்றும் என்பதால் தடைப் பட்டியலில் இருக்கிறது. ஊரிலிருந்து மகளுக்கு அனுப்பும் மூட்டைகளில் இது அடிக்கடி மாட்டுகிறது.

அடையாள அட்டைக்கு ஜெராக்ஸ் செல்லாது. ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் ஆகியவற்றில் ஒன்றின் அசல், அல்லது டிஜிலாக்கரிலோ எம்ஆதார் ஆப்பிலோ காட்டும் பிரதி. போனில் எடுத்த போட்டோ போதாது.

உடுத்தும் துணியையும் இரவே எடுத்து வையுங்கள். பெரிய உலோக பக்கிள் வைத்த பெல்ட், பாக்கெட்டில் சில்லறை, கனமான வளையல் எல்லாம் சோதனையில் நேரம் தின்பவை. விமானத்துக்குள் ஏசி குளிரும். ஒரு துண்டோ ஸ்வெட்டரோ மேலாக வையுங்கள்.

5. வண்டி

விடிகாலை மூன்றரைக்கு ஆப் டாக்சி கிடைக்கும், ஆனால் உறுதியில்லை. டிரைவர் ஒத்துக்கொண்டு ரத்து செய்வதும், வராமல் நிற்பதும் அந்த நேரத்தில்தான் அதிகம். ஆப்பில் முன்பதிவு செய்தாலும், சொன்ன நேரத்துக்குச் சற்று முன்னால்தான் டிரைவரைத் தேடவே ஆரம்பிக்கும்.

தெரிந்த கால் டாக்சிக்காரரிடமோ தெருமுனை ஆட்டோக்காரரிடமோ முதல் நாள் பேசிவைப்பதுதான் நம்பகமான வழி. ‘அண்ணே, நாளைக்கு விடிகாலை மூணரைக்கு, டி4’ என்று முனையத்தையும் சொல்லிவிடுங்கள். ஆப்பை மாற்று ஏற்பாடாக வைத்துக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னால் அவரைப் போனில் கூப்பிடுங்கள். எடுக்கவில்லை என்றால் ஆப்பில் தேட அவகாசம் இருக்கும்.

மெட்ரோ காலை 5 மணிக்குத்தான் தொடங்குகிறது. ஏழு மணிக்கு மேற்பட்ட விமானத்துக்கு அது நல்ல வழி. ஆறு மணி விமானத்துக்கு உதவாது.

6. வாசலும் பை கவுண்டரும்

வண்டியிலிருந்து இறங்கும் முன்பே போர்டிங் பாஸையும் அடையாள அட்டையையும் கையில் எடுத்துவிடுங்கள். வாசலில் நிற்கும் சி.ஐ.எஸ்.எஃப். காவலர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். டிஜியாத்ரா வரிசை தனி. அதை ஏற்பாடு செய்யாதவர்கள் அந்த வரிசையில் நின்று திரும்பி வருவது வீண்.

செக்-இன் பை இருந்தால், வெப் செக்-இன் செய்தவர்கள் பை மட்டும் கொடுக்கும் வரிசையைத் தேடுங்கள். அது வேகமாக நகரும். எடை கூடிவிட்டால் அங்கேயே பையைத் திறந்து கனமான துணியை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பை போனதும் ஒட்டும் தாள் துண்டு ஒன்று தருவார்கள். அதைத் தூக்கிப் போடாதீர்கள். பை வராவிட்டால் அந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள். அது காட்டும் ஊர் சரியா என்று அங்கேயே பாருங்கள்.

டீ வேண்டும் என்றால், டி1 முனையத்தில் 2025 பிப்ரவரியில் திறந்த உடான் யாத்ரி கஃபேயில் பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். மற்ற கடைகளில் விலை பல மடங்கு.

7. பாதுகாப்புச் சோதனை

புதியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். டிரே கையில் வந்த பிறகு யோசிக்க ஆரம்பிப்பதுதான் காரணம். வரிசையில் நிற்கும்போதே இதைச் செய்யுங்கள்: பர்ஸ், போன், சில்லறை, கைக்கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் கைப்பையின் வெளிப் பாக்கெட்டுக்குள் போட்டு ஜிப்பை மூடுங்கள். லேப்டாப், பவர் பேங்க், சார்ஜர் மூன்றையும் மேலே எடுத்து வையுங்கள். டிரேயில் இவற்றைத் தனியாக வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் எக்ஸ்ரேயில் கருப்பாகத் தெரிந்து, பையைத் திறக்கச் சொல்வார்கள்.

கையில் போர்டிங் பாஸ் மட்டும் இருக்கட்டும். பெண்களுக்குத் தனி வரிசை, திரை மறைவில் சோதனை. கணவன் மனைவி ஒரே டிரேயில் பொருட்களைப் போட்டால் ஒருவர் முன்னால் போய்விட, இன்னொருவர் பொருள் அங்கேயே கிடக்கும். ஆளுக்கொரு டிரே எடுங்கள்.

பை ஓரமாக ஒதுக்கப்பட்டால் பதறாதீர்கள், நீங்களாகக் கைவிட்டு எடுக்கவும் வேண்டாம். பெரும்பாலும் மடக்குக் குடை, எவர்சில்வர் டப்பா, வயர் குவியல் போன்றவைதான் காரணம். தண்ணீர் பாட்டிலைக் காலியாகக் கொண்டுபோய், உள்ளே உள்ள குழாயில் நிரப்பிக்கொள்வது சிக்கலில்லாத வழி.

முடிந்ததும் போர்டிங் பாஸில் முத்திரை குத்தும் இடமாக இருந்தால், அது விழுந்ததா என்று பார்த்த பிறகே நகருங்கள். விழாமல் கேட்டுக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். டிரேக்களை எண்ணி எடுங்கள். தூக்கக் கலக்கத்தில் விட்டுப்போவது போன், கடிகாரம், பெல்ட்.

8. கேட்

சென்னை 2018 முதல் ‘அமைதி’ விமான நிலையம். ரயில் நிலையத்தில் போல ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள் என்று கண்ணை மூடி உட்கார்ந்தால் விமானம் போய்விடும். திரையில் உங்கள் விமான எண்ணுக்கு நேரே உள்ள கேட் எண்ணைப் பாருங்கள். போர்டிங் பாஸில் உள்ளது கடைசி நேரத்தில் மாறலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரையைப் பாருங்கள்.

நேராகக் கேட்டுக்குப் போய், அது எங்கே என்று கண்ணால் பார்த்த பிறகு கழிப்பறைக்கும் கடைக்கும் போங்கள். கழிப்பறையை இங்கேயே முடித்துவிடுங்கள். ஒரு மணி நேர விமானத்தில் சீட் பெல்ட் விளக்கு அணைந்திருப்பது கொஞ்ச நேரம்தான், அதற்குள் நடைபாதையில் தள்ளுவண்டி வந்துவிடும். பேருந்தில் ஏற்றும் கேட் என்றால் சற்று முன்னதாகவே அழைப்பார்கள்.

9. உள்ளே

பையை உங்கள் வரிசைக்கு மேலேயே வையுங்கள். பின்னால் வைத்தால் இறங்கும்போது கூட்டத்துக்கு எதிராகப் போக வேண்டும். பவர் பேங்க் மேலே போகக் கூடாது, உங்களோடு இருக்க வேண்டும். விமானத்துக்குள் அதில் சார்ஜ் போடவும் கூடாது.

சீட் பெல்ட்டை வயிற்றின் மேல் இல்லாமல் இடுப்பெலும்புக்குக் கீழே, தொடையை ஒட்டி இறுக்குங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஜன்னல் திரையைத் திறக்கச் சொல்வது வெளியே தீயோ புகையோ இருந்தால் உடனே தெரிவதற்காக.

காது அடைப்பது ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம் வலிக்கும். இறங்கத் தொடங்கிவிட்டோம் என்று சொன்னதுமே எச்சில் விழுங்குங்கள், மிட்டாய் சப்புங்கள், கொட்டாவி விடுங்கள். வலி வந்த பிறகு செய்வதைவிட இது பலன் தரும். கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுங்கள். அதிகாலைத் தூக்கத்தில் விழுங்காமலே இருந்துவிடுவோம் என்பதால், பக்கத்தில் தூங்குகிறவரையும் எழுப்பிவிடுங்கள். கடும் சளி இருந்தால் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

10. தாமதம், தவறவிட்டது

மார்கழி, தை மாதங்களில் பெங்களூரு, டெல்லிப் பக்கம் காலைப் பனி விமானத்தை நிறுத்தும். சென்னையில் போகியன்று எரிக்கும் புகை பனியோடு சேர்ந்து ஓடுபாதையை மறைக்கும். 2018 போகியில் பல விமானங்கள் பாதிக்கப்பட்டன. போகி காலையில் முக்கியமான வேலைக்கு முதல் விமானத்தை நம்பாதீர்கள்.

தாமதம் என்று எஸ்.எம்.எஸ். வந்தாலும் பழைய நேரத்துக்கே கவுண்டருக்குப் போய்விடுவது நல்லது. ஒரு மணித் தாமதம் அரை மணியாகக் குறைவது உண்டு. இரண்டரை மணிக்குட்பட்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், நேரத்துக்கு வந்து செக்-இன் செய்தவர்களுக்குச் சிற்றுண்டி தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி. கேட்டு வாங்குங்கள்.

நீங்களே தவறவிட்டால் கட்டணம் போய்விடும். ஆனால் வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்பக் கிடைக்க வேண்டியவை. விண்ணப்பித்தால்தான் வரும். திரும்பும் பயணம் அதே பி.என்.ஆரில் இருந்தால் அது உயிரோடு இருக்கிறதா என்று அங்கேயே கவுண்டரில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

11. இறங்கியபின்

சீட் பெல்ட் விளக்கு அணையும்வரை எழாதீர்கள். பை வரும் பெல்ட் எண் திரையில் இருக்கும். கருப்பு டிராலிகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் ஒட்டிய எண்ணைத் தாள் துண்டோடு ஒப்பிட்டு எடுங்கள். கைப்பிடியில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டால் தூரத்திலேயே தெரியும். சக்கரம் உடைந்திருந்தாலோ பை வராவிட்டாலோ அந்தக் கூடத்தை விட்டு வெளியேறும் முன் விமான நிறுவன ஆளிடம் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். வெளியே வந்த பிறகு சொன்னால், எங்கே உடைந்தது என்ற கேள்வியிலேயே நின்றுவிடும்.